கேட்டது ஃபியட், கிடைத்தது ஹெரால்ட்

ஒருத்தருக்கு எது பிடிக்கும் என்று அவரிடமே கேட்காதே, அவர் எதைக் காசு கொடுத்து வாங்குகிறார் என்று பார், அதுதான் அவருடைய உண்மையான விருப்பம். பால் சாமுவேல்சன் 1938-ல் ஆரம்பித்து வைத்த யோசனை இது. பி.காம். முதல் வருஷத்து எகனாமிக்ஸ் வகுப்பில் பாதித் தூக்கத்தில் எல்லாரும் கடந்து வந்த சமாச்சாரம்தான்.

இந்த சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு 1960-களின் நடுவில் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் நின்று, போகிற வருகிற கார்களை எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அம்பாசடர், அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், மறுபடி அம்பாசடர்... ஆகவே இந்தியர்களுக்கு அம்பாசடர்தான் உயிர், சிலருக்கு ஹெரால்ட் ரொம்பப் பிடிக்கும் என்று பரீட்சையில் எழுதிவிடலாம். மார்க் கூட விழும். ஆனால் தப்பு! அந்த ரோட்டில் ஓடிய கார்களில் கணிசமானவை அதன் ஓனர் முதலில் கேட்ட கார் அல்ல. கிடைத்த கார்.

இப்போது அந்தக் கார்களெல்லாம் 'கிளாசிக்' ஆகிவிட்டன. பளபளவென்று பாலிஷ் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் விடுகிறார்கள். பார்க்கிறவர்கள் "அந்தக் காலத்து ஆட்களுக்கு என்ன ரசனை!" என்கிறார்கள். ரசனைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் எப்படி மூன்று கார்களில் வந்து நின்றோம் என்று பார்த்துவிடலாம்.

சுதந்திரத்துக்கு முன் நிலைமை இப்படி இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் கார் பூட்ட ஆரம்பித்துவிட்டது. ஃபோர்டும் இங்கே இருந்தது. பாகங்கள் பெட்டியில் வரும், இங்கே முடுக்கி, பெயின்ட் அடித்து விற்பார்கள். பணம் இருந்தால் செவர்லேவோ ஃபோர்டோ ஆஸ்டினோ மோரிஸோ, பிடித்ததை வாங்கலாம். 1949-ல் முழு கார் இறக்குமதிக்குத் தடை வந்தது. 1953-ல் டாரிஃப் கமிஷன் இன்னொரு படி மேலே போய், படிப்படியாக உள்நாட்டிலேயே தயாரிக்கத் திட்டம் உள்ள கம்பெனிக்கு மட்டும்தான் இடம், சும்மா பூட்டி விற்கிறவர்கள் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டது. இந்தச் சின்ன மார்க்கெட்டுக்காகத் தொழிற்சாலை கட்ட ஜெனரல் மோட்டார்ஸுக்கும் ஃபோர்டுக்கும் மனசில்லை. 1954-க்குள் இருவரும் கடையைக் கட்டினார்கள்.

(கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்பது வாங்குகிறவர்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 1948-ல் மெட்ராஸில் அசோக் மோட்டார்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். நோக்கம், எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டுவது. கார் பிழைப்பு நிலைக்காது என்று தெரிந்ததும் இங்கிலாந்தின் லேலண்டோடு கூட்டு சேர்ந்து லாரி, பஸ் பக்கம் திரும்பினார்கள். 1955-ல் பெயரும் அசோக் லேலண்ட் ஆனது. நாம் தினமும் தொங்கிக்கொண்டு போகிற பஸ், ஒரு கார் கம்பெனி மனசை மாற்றிக்கொண்டதால் வந்தது :-) )

மிச்சம் நின்றவை மூன்று.

கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாவது சீரிஸை வாங்கி வந்து 1950-களின் கடைசியில் அம்பாசடர் என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் 1489 சி.சி. எஞ்சின் வந்தது. பின்னால் பட்டை ஸ்பிரிங், முன்னால் டார்ஷன் பார். ஆறு பேர், கொஞ்சம் நெருக்கினால் எட்டு பேர். எந்த ஊர் மெக்கானிக்கும் ஸ்பானரும் சுத்தியலும் இருந்தால் சரி பண்ணிவிடுவார்.

பம்பாய் குர்லாவில் வால்சந்த் ஹிராசந்த் ஆரம்பித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். 1954-லிருந்து ஃபியட் 1100. 1964-ல் அதே 1100-ன் புது உடம்பு வந்தது. பத்து வருஷம் கழித்துப் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியதும் அதுதான். 1089 சி.சி., கை கிட்டேயே ஸ்டியரிங்கில் கியர். அம்பாசடரை விடச் சின்னது, லேசானது, பெட்ரோல் கம்மியாகக் குடிக்கும், சந்து பொந்தில் திரும்பும். தானே ஓட்டுகிற ஆளுக்கு ஏற்ற வண்டி. டிரைவர் வைத்துக்கொள்ள வசதியில்லாத டாக்டர், வக்கீல், ஆபீசர் எல்லாரும் கேட்டது இதைத்தான்.

மூன்றாவது நம்ம ஊர். மெட்ராஸின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ், தொழிற்சாலை வண்டலூர் பெருங்களத்தூர் பக்கம். முதலில் வேன்கார்ட், பிறகு ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட், 1961-லிருந்து ஹெரால்ட். இந்த ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதுவே ஒரு 'வேறு வழியில்லாமல்' கதை.

இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் கம்பெனி ஐம்பதுகளில் புதுச் சின்னக் கார் ஒன்று செய்ய நினைத்தது. எல்லாரையும் போல உடம்பும் சட்டமும் ஒரே கூடாக இருக்கிற நவீன முறையில் செய்திருக்கலாம். ஆனால் அவர்களுக்கு பாடி அடித்துத் தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953-ல் விலைக்கு வாங்கிவிட்டது. முழுக் கூட்டை அடித்துத் தர ஆளில்லை. சரி என்று பழைய பாணிக்கே போனார்கள். அடியில் தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாக பாடி, எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கு. இத்தாலிக்காரர் ஜியோவனி மிக்கெலாட்டி அதற்கு அழகான உருவம் வரைந்து கொடுத்தார். 1959-ல் டிரையம்ப் ஹெரால்ட் வந்தது.

அந்த 'வேறு வழியில்லை' டிசைன்தான் மெட்ராஸுக்கு லட்டு மாதிரி அமைந்தது. துண்டு துண்டாகக் கப்பலில் வரும், இங்கே முடுக்கிக்கொள்ளலாம், ஒவ்வொரு துண்டாக உள்ளூரில் செய்ய ஆரம்பிக்கலாம். முன்பக்கம் பானட் மட்டுமல்ல, மட்கார்டோடு சேர்த்து முகம் மொத்தமும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயர்மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினை நோண்டலாம். ஒரு முழு வட்டம் அடிக்க 25 அடி ரோடு போதும். இன்றைக்கும் பல கார்களால் முடியாத காரியம்.

குறையும் இருந்தது. எஞ்சின் 948 சி.சி.தான். முதலில் வந்தவற்றில் கதவு இரண்டே இரண்டு. கூட்டுக் குடும்பத்தில் பாட்டியைப் பின் சீட்டில் ஏற்ற முன் சீட்டை மடக்கி, பாட்டியையும் மடக்க வேண்டும். பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆக்சில் என்ற ஏற்பாடு, வேகமாக வளைவில் போனால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். 1968-ல் மார்க் 3 என்று நாலு கதவு ஹெரால்ட் வந்தது. இது இங்கிலாந்திலேயே கிடையாது. இந்தியாவுக்காக இங்கேயே செய்தது. 1972-ல் வந்த கெஸல் என்ற அடுத்த மாடலில் ஸ்விங் ஆக்சிலையும் எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்சில் போட்டார்கள்.

சரி, மூன்று கார் இருக்கிறது. பிடித்ததை வாங்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

1957-58-ல் அந்நியச் செலாவணி கையிருப்பு கரைந்து போய் நாடு தவித்தது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் இரும்பு ஆலைக்கும் அணைக்கும் டாலர் தேவை. கார் என்பது ஆடம்பரம். ஆகவே எந்தக் கம்பெனி எவ்வளவு பாகம் இறக்குமதி செய்யலாம், எவ்வளவு கார் செய்யலாம் எல்லாமே லைசென்ஸ். ஃபியட்டுக்குக் கூட்டம் அதிகமாக இருக்கிறதே, பிரீமியர் இன்னும் பத்தாயிரம் கார் கூடுதலாகச் செய்யட்டுமே என்றால் நடக்காது. டிமாண்ட் ஏறினால் சப்ளை ஏறும் என்று கிராஃப் போட்டுக் காட்டுவார்களே, அந்த சப்ளை கோட்டை டெல்லியில் ஒரு ஃபைலுக்குள் நேராக நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். 1980 வாக்கில் கூட இந்தியா முழுக்க ஒரு வருஷத்தில் தயாரான கார் சுமார் முப்பதாயிரம்தான்.

1959-ல் மோட்டார் கார் விநியோகம் மற்றும் விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கார் வேண்டுமானால் டீலரிடம் பெயர் பதிய வேண்டும். அஞ்சலகத்தில் முன்பணம் கட்டி, அந்தப் பாஸ்புக்கைக் காட்ட வேண்டும். அரசாங்கத்துக்கென்று ஒரு கோட்டா தனியாகப் போகும். மிச்சத்தில்தான் பொதுமக்கள் வரிசை. கார் கையில் வந்தால் இரண்டு வருஷத்துக்கு அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது.

இந்த வரிசைகள் மூன்றும் ஒரே நீளம் இல்லை என்பதுதான் கதையின் முடிச்சு. ஃபியட் வரிசை ரொம்ப நீளம், வருஷக்கணக்கில் போகும். அம்பாசடர் அதைவிடப் பரவாயில்லை. ஸ்டாண்டர்ட் வரிசை சின்னது. கல்யாணமாகும்போது ஃபியட்டுக்குப் பதிந்தவர், குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயசில் இன்னமும் 'உங்கள் முறை வரும்போது தெரிவிக்கிறோம்' என்கிற கடிதத்தை வைத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் பொறுமை போய் ஹெரால்ட் டீலரிடம் போவார். ஃபியட் பிடிக்காமல் அல்ல, ஹெரால்ட் பிடித்தும் அல்ல. மழையில் குழந்தையோடு ஸ்கூட்டரில் போக முடியவில்லை, அவ்வளவுதான். சாமுவேல்சனின் கணக்கில் அவர் 'ஹெரால்டை விரும்பியவர்'.

அப்படியானால் உண்மையான விருப்பம் எங்கே பதிவாகியிருக்கிறது? விற்பனைக் கணக்கில் இல்லை. 'ஆன்' விலையில்.

அரசாங்க விலைக்கு மேலே கள்ளத்தனமாகக் கைமாறும் தொகைதான் ஆன். அன்றைக்கு இந்தியாவில் ஒரு விசித்திரம் நடந்தது. ஷோரூமில் எடுத்த புதுக் காரை விட, இரண்டு வருஷம் ஓடிய செகண்ட் ஹேண்ட் கார் விலை அதிகம். தேய்மானம் கழித்துப் பழகிய காமர்ஸ்காரர்களுக்கு இது தலைசுற்றும். சொத்துப் பக்கம் கார் என்று எழுதி வருஷாவருஷம் குறைத்துக்கொண்டே போகிறோம், அது வெளியே ஏறிக்கொண்டே போகிறது! ஏனென்றால் வாங்குகிறவர் கார் மட்டும் வாங்கவில்லை, காத்திருக்க வேண்டிய வருஷங்களையும் சேர்த்து வாங்குகிறார். அந்தப் பிரீமியத்தில் ஃபியட்தான் முன்னே நின்றது. மூன்று காரின் ஆன் விலையை வரிசைப்படுத்தினால் ஜனங்களின் மனசு தெரிந்துவிடும். கம்பெனி பாலன்ஸ் ஷீட்டில் தெரியாது, ஏனென்றால் அந்தப் பணம் கம்பெனிக்குப் போகவே இல்லை.

இங்கேதான் கோபம் வருகிறது. காரை விலை குறைவாக வைத்தது ஏழைக்காக என்று சொல்ல வழியில்லை, ஏழை கார் வாங்கவில்லை. கம்பெனிக்கும் லாபமில்லை, அரசாங்கத்துக்கு வரியும் இல்லை. நடுவில் கோட்டா கிடைத்தவனுக்கும் புரோக்கருக்கும் கொண்டாட்டம்.

எல்லாருக்கும் மேலே ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் கேட்டது செவர்லே இம்பாலா. தூதரகக்காரர்கள் ஊரை விட்டுப் போகும்போது தங்கள் வெளிநாட்டுக் கார்களை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை ஏலத்தில் எடுக்க சினிமாக்காரர்களும் முதலாளிகளும் முட்டி மோதுவார்கள். ஏலம் கிடைக்காதவர்? அம்பாசடர்தான்.

இன்னொரு பக்கம் லால் பகதூர் சாஸ்திரி. பிரதமர் ஆன பிறகும் சொந்தமாகக் கார் இல்லை. குடும்பம் வற்புறுத்தியதால் 1964 மாடல் ஃபியட் வாங்கினார். விலை 12,000 ரூபாய். பேங்கில் இருந்தது 7,000. மீதி 5,000-க்கு பஞ்சாப் நேஷனல் பேங்கில் கடன். 1966 ஜனவரியில் அவர் தாஷ்கண்டில் இறந்தபோது கடன் தீரவில்லை. மனைவி லலிதா சாஸ்திரி தன் பென்ஷனிலிருந்து அதைக் கட்டி முடித்தார். அந்தக் கார் டெல்லியில் அவர் நினைவகத்தில் இருக்கிறது.

விலை விவகாரம் கடைசியில் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1969-ல் அரசாங்கம் சட்டப்படியே விலையை நிர்ணயித்தது. கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனிகள் வழக்குப் போட்டன. கார் விலை விசாரணைக் கமிஷன் உட்கார்ந்து ஆணி, நட்டு வரை செலவுக் கணக்குப் பார்த்தது. 1971 நவம்பரில் தீர்ப்பு. போட்ட முதலுக்கு 16 சதவீதம் வருமானம் வரும்படி விலை இருக்கலாம் என்றது கோர்ட். காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தை யாராவது போரடிக்கிறது என்றால் இந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு ஃபியட் காரை அக்கு அக்காகப் பிரித்து விலை போடுவதை வேறெங்கே பார்க்க முடியும்?

ஆனால் அந்த வழக்கிலும் 'என்ன விலை' என்பதுதான் கேள்வி. 'ஏன் இவ்வளவு குறைவான கார்' என்பது கோர்ட்டின் கேள்வி அல்ல. 1973-ல் உலக எண்ணெய் விலை எகிறி பெட்ரோல் எட்டாத உயரத்துக்குப் போனபோது கார் ஆசையே கொஞ்சம் அடங்கியது. 1975-ல் விலைக் கட்டுப்பாட்டையும் எடுத்தார்கள். சின்ன வரிசைக்காரரான ஸ்டாண்டர்டுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. வேறு கார் சுலபமாகக் கிடைத்தால் ஹெரால்டின் தம்பியை யார் கேட்பார்கள்? 1977-ல் கெஸல் நின்றது.

எண்பதுகளில் கதை இன்னும் வேடிக்கை. சொகுசுக் கார் வேண்டும் என்கிறவர்களுக்காக மூன்று கம்பெனியும் ஆளுக்கொரு கார் கொண்டு வந்தன. மூன்றிலும் உடம்பு ஒருத்தருடையது, இதயம் வேறொருத்தருடையது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸாவுக்கு இங்கிலாந்து வாக்ஸாலின் உடம்பு, ஆரம்பத்தில் எஞ்சின் நம்ம அம்பாசடர் 1489 சி.சி. பிரீமியர் 118 என்.இ.-க்கு ஃபியட் 124-ன் உடம்பு, நிஸான் எஞ்சின். மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் 1985-ல் விட்ட ஸ்டாண்டர்ட் 2000-ன் உடம்பு ரோவர் எஸ்.டி.1. இங்கிலாந்தில் அந்தக் கார் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சினோடு பேர் வாங்கியது. இங்கே அதற்குள் வைத்தது பழைய வேன்கார்ட் காலத்து எஞ்சின். ரோவர் கேட்டவருக்கு ரோவர் சட்டை போட்ட வேன்கார்ட். மூன்று வருஷம் கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, 1988-ல் பெருங்களத்தூரில் கார் தயாரிப்பு முடிந்தது.

அதற்குள் 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்துவிட்டார். விலை 47,500. பதிவு திறந்த இரண்டே மாதத்தில் பத்தாயிரம் ரூபாய் கட்டி வரிசையில் நின்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். மாருதிக்கும் ஆன் வந்தது. மாருதி கேட்டு, காத்திருக்க முடியாமல் பத்மினி எடுத்தவர்களும் உண்டு. ஒரு காலத்தில் அந்த ஃபியட்டுக்காகத்தான் ஊரே காத்துக் கிடந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

பிறகு வேகமாக முடிந்துவிட்டது. பத்மினி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றது. பம்பாயில் கடைசி பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபர் 29 அன்று, இருபது வருஷ ஆயுள் முடிந்து 2023 அக்டோபரில் ரோட்டை விட்டுப் போனது. உத்தர்பாரா 2014 மே மாதம் மூடியது. 2017-ல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் பிரான்ஸின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. கார் இல்லை, தொழிற்சாலை இல்லை, வெறும் பெயர். குட்வில் என்றால் என்ன என்று கேட்கிற ஜூனியர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இன்று பழைய கார் சேர்க்கிறவர்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. எல்லாரும் தேடுவது ஐம்பதுகளின் 'டுக்கர்' ஃபியட்டை. டுக்கர் என்றால் மராத்தியில் பன்றி, அந்த உருண்டை மூக்குக்காக வைத்த செல்லப் பெயர். அது அகப்படாதவர் பத்மினியிலோ ஹெரால்டிலோ வந்து நிற்கிறார். ஹெரால்ட் எடுத்தவருக்கு ஒரு வசதி: டிரையம்ப் பைத்தியங்கள் இங்கிலாந்தில் நிறைய, எஞ்சின் கேஸ்கட்டிலிருந்து பல பாகங்கள் அங்கே இன்னமும் புதிதாகவே கிடைக்கின்றன. ஆனால் மார்க் 3-ன் பின் கதவு துருப்பிடித்தால் இங்கிலாந்திலும் வழியில்லை. நாலு கதவு ஹெரால்ட் பெருங்களத்தூரில் மட்டும்தான் செய்தது. ஒரு கதவுக்காக இன்னொரு மார்க் 3 எந்தக் கொட்டகையில் கிடக்கிறது என்று ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.